பக்கத்து மிஷின்காரி கொண்டுவந்த கேள்வி

போன வாரம் கவிதா போன் செய்தாள். ஆம்பூரில் நான் கணக்கு டீச்சராக இருந்தபோது ஜூனியராக வந்து சேர்ந்தவள். இப்போது பேரணாம்பட்டுப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக்கே தலைமை ஆசிரியை. ஆனாலும் என்னிடம் பேசும்போது குரல் பழைய ஜூனியர் குரலாகத்தான் வரும்.

"மேடம், பேரண்ட்ஸ் மீட்டிங் வருது. வர்றவங்க மார்க்க மட்டும் கேட்டுட்டுப் போய்ட்றாங்க. டீச்சருங்க கிட்ட இன்னா கேக்கணும்னு ஒரு பத்துக் கேள்வி எழுதித் தாங்க. குரூப்ல போட்டுடறேன்."

"பத்து எதுக்குடி? பரீட்சையா வைக்கப் போறே?" என்றேன். சிரித்தாள். ஆனால் விடவில்லை. அந்தக் காலத்திலும் அவள் அப்படித்தான், ஒன்றைப் பிடித்தால் பிடித்ததுதான்.

சரி என்று பேப்பரை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். முதல் கேள்வி எழுதினேன், அடித்தேன். இரண்டாவது எழுதினேன், அது கல்யாணத்துக்குப் பெண் பார்க்க வந்தவர்கள் கேட்கிற மாதிரி இருந்தது. ஓய்வு பெற்ற பிறகு எனக்குப் பொறுமை இன்னும் குறைந்துவிட்டது என்று என் வீட்டுக்காரர் சொல்வார். ஜோலார்பேட்டை ஜங்ஷனில் ரயில்களோடு காலம் தள்ளிய மனுஷர், லேட்டாவதெல்லாம் அவருக்குப் பழக்கம். எனக்கு அப்படி இல்லை. பேனாவை மூடி வைத்துவிட்டேன். அப்போதுதான் கஸ்தூரி ஞாபகம் வந்தாள். கஸ்தூரி வந்தால் தஸ்லீம் வராமல் இருக்க மாட்டாள். தஸ்லீம் வந்தால் எங்கள் எஸ்தர் மேடம் மூக்குக் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே வந்து நிற்பார்.

அதனால் கவிதாவுக்குப் பத்துக் கேள்விக்குப் பதிலாக இதை எழுதுகிறேன். படித்துவிட்டு அவளே முடிவு செய்துகொள்ளட்டும்.

என் பயிற்சிக் காலத்தைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. பி.எட். முடித்தேன், வேலை கிடைத்தது, தினமும் காலையில் ஜோலார்பேட்டையில் பாசஞ்சர் ஏறி ஆம்பூரில் இறங்கினேன். பெற்றோரிடம் எப்படிப் பேச வேண்டும் என்று பி.எட்.டில் யாரும் சொல்லித்தரவில்லை. சொல்லித்தந்திருந்தாலும் எஸ்தர் மேடம் முதல் நாளே அதை மறக்கடித்திருப்பார்.

எஸ்தர் மேடம் எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸ். குரலை உயர்த்தியே நான் கேட்டதில்லை. திட்ட வேண்டியிருந்தால் வகுப்பு வாசலில் வந்து நின்று, "வசந்தா, கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா" என்பார். அவ்வளவுதான். எங்கள் பள்ளிக்கூடத்தில் அதைவிடப் பயமான வாக்கியம் கிடையாது. உள்ளே போனால் உட்காரச் சொல்வார், தண்ணீர் கொடுப்பார், கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைப்பார். துடைத்து முடிக்கும்வரை பேச மாட்டார். அதற்குள் நாமே எல்லாவற்றையும் உளறிவிடுவோம்.

பெற்றோர் கூட்டத்துக்கு அவரிடம் ஒரு முறை இருந்தது. வேறெங்கும் நான் அதைப் பார்க்கவில்லை. மேஜைக்கு அந்தப் பக்கம் டீச்சர், இந்தப் பக்கம் அம்மா என்று உட்காரக் கூடாது. வருகிறவர் தன் பிள்ளையின் இடத்தில் போய் உட்கார வேண்டும். எந்த பெஞ்சு, எந்த ஓரம் என்று நாங்கள் காட்டுவோம். அதே பெஞ்சில் பக்கத்துப் பிள்ளையின் இடத்தில் நாங்கள் உட்கார வேண்டும். முதலில் மார்க்கைப் பற்றிப் பேசக் கூடாது. அந்தப் பிள்ளை சமீபத்தில் செய்த ஏதாவது ஒன்றை, டீச்சர் தன் கண்ணால் பார்த்த ஒன்றை, முதலில் சொல்ல வேண்டும். நல்லதாகவும் இருக்கலாம், குறும்பாகவும் இருக்கலாம். சொல்ல எதுவும் இல்லை என்றால் கூட்டம் முடிந்ததும் "கொஞ்சம் வந்துட்டுப் போறீங்களா" உறுதி.

முதல் கூட்டத்துக்கே வந்த ஒரு அப்பாவை மறக்க முடியாது. தோல் பதனிடும் டேனரியில் வேலை. பெண்ணின் பெஞ்சில் முழங்கால் இடிக்க உட்கார்ந்துகொண்டு, "நீங்க யோசனையே பண்ணாதீங்க டீச்சர். கண்ண மட்டும் விட்டுட்டு தோல உரிச்சிடுங்க" என்றார். அந்தக் காலத்து அப்பாக்கள் எல்லோரும் மரியாதைக்குச் சொல்வதுதான். நான் தலையை ஆட்டினேன். பின்னாலிருந்து எஸ்தர் மேடம் மெதுவாகச் சொன்னார்: "தோல் வேலைய நீங்க பாத்துக்குங்க அண்ணே. எங்களுக்கு அது வராது."

அந்த மனுஷர் ஒரு நிமிஷம் முழித்தார். அப்புறம் வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு அவர் அந்தப் பேச்சைப் பேசவே இல்லை. ஒவ்வொரு கூட்டத்துக்கும் வந்து, "பொண்ணு இன்னா பண்ணிச்சு சொல்லுங்க" என்று உட்கார்ந்துகொள்வார்.

ஆனால் எங்கள் ஊரில் பெற்றோரைப் பள்ளிக்கூடத்துக்கு வரவழைப்பதே பெரிய பாடு. எங்கள் பக்கத்து டேனரிகளில் பலவற்றுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை, ஷூ கம்பெனிகளுக்கு ஞாயிற்றுக்கிழமை. அப்பா டேனரியிலும் அம்மா ஷூ கம்பெனியிலும் வேலை செய்யும் வீட்டில் இரண்டு பேரும் ஒன்றாக வீட்டில் இருக்கும் பகல் பொழுது கிடைப்பதே அபூர்வம். எந்த நாளில் கூட்டம் வைத்தாலும் பாதிப் பேர் வர முடியாது. கூட்டத்தைச் சனிக்கிழமை வைத்தோம், வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து வரும் அப்பாக்களுக்குத் தனியாகக் கதவைத் திறந்து வைத்தோம்.

இதற்கு ஷூ கம்பெனிப் பெண்கள் தாங்களாகவே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஷூவின் மேல்பகுதியை, அதாவது அப்பரை, தைக்கும் மிஷின்கள் வரிசையாக இருக்கும், அதற்கு லைன் என்று பெயர். ஒரு லைனில் ஒருத்தி பர்மிஷன் வாங்கிக்கொண்டு வெளியே போனால் சூப்பர்வைசர் எப்படியாவது சமாளித்துவிடுவார். இரண்டு பேர் போனால் வேலை தேங்கிவிடும். அதனால் ஒரு லைனுக்கு ஒருத்தி. அந்த ஒருத்தி தன் பிள்ளைக்கு மட்டுமல்ல, லைனில் இருக்கிற எல்லோருடைய பிள்ளைக்கும் சேர்த்து வந்து கேட்டுவிட்டுப் போவாள்.

கஸ்தூரி அப்படித்தான் வந்தாள். பெரிய குரல், பெரிய பொட்டு, கையில் சாப்பாட்டுப் பை. முதல் தடவை அவள் ஐந்தாவது பிள்ளையின் பெயரைச் சொன்னபோது எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏம்மா, அந்தப் பொண்ணுக்கு நீங்க யாரு?"

"பக்கத்து மிஷினு டீச்சர்."

"பக்கத்து மிஷினா?"

"ஆமா. அவங்கம்மாவுக்கு இந்தப் பக்கம் நானு. அந்தப் பக்கம் செவுரு. செவுரு வராது, அதான் நான் வந்தேன்."

சிரிப்பை அடக்கிக்கொண்டு எஸ்தர் மேடத்திடம் போய், பெற்றோர் அல்லாதவரிடம் பேசலாமா என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக்கூடத் துடைக்கவில்லை. "நாள் பூரா பக்கத்துல உக்காந்து அந்தப் புள்ளையப் பத்திக் கேட்டுக்கிட்டே இருக்கறவங்க. சொந்தக்காரங்களே இவ்ளோ கேக்க மாட்டாங்க. சொல்லுங்க" என்றார்.

அதிலிருந்து கஸ்தூரி எங்கள் பள்ளிக்கூடத்தில் பாதி ஊழியர் மாதிரி ஆகிவிட்டாள். ஒவ்வொரு பிள்ளையின் இடத்திலும் எழுந்து எழுந்து போய் உட்கார்ந்து, நாங்கள் சொல்வதை ஒரு வரி விடாமல் மனதில் வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை மிஷின் சத்தத்துக்கு மேல் கத்தி லைன் முழுக்க ஒப்பிப்பாளாம்.

இனி தஸ்லீம் விஷயம்.

தஸ்லீம் எட்டாம் வகுப்புவரை உருது மீடியத்தில் படித்துவிட்டு ஒன்பதாம் வகுப்புக்கு எங்களிடம் வந்தவள். தமிழில் படித்தால் நாளைக்கு ஒரு ஆபீஸ் வேலைக்காவது போவாள் என்று அவள் அம்மா ரஹ்மத் ஆசைப்பட்டு மாற்றினாளாம். வீட்டில் உருது, தெருவில் எல்லோரையும் போலத் தமிழ். நம்மோடு அவள் பேசுவதைக் கேட்டால் ஒரு வித்தியாசமும் தெரியாது. மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் உட்காருவாள். கூந்தலை இழுத்துப் பின்னி, முக்காட்டைச் சரிசெய்து, கையைக் கட்டிக்கொண்டு, கூப்பிட்டால் மட்டும் எழுந்து நிற்பாள். எந்த வம்பும் கிடையாது.

பத்தாம் வகுப்பில் அவள் கணக்கு மார்க் என்னைப் பேஜார் பண்ணியது. ஒரு டெஸ்டில் அழகாகப் போட்டிருப்பாள், அடுத்ததில் பாதிக்கு மேல் வெள்ளைத்தாள். தப்பாகப் போட்டிருந்தால் எங்கே தடுக்குகிறது என்று கண்டுபிடிக்கலாம். தொடவே இல்லை என்றால் என்ன செய்வது? "ஏன் எழுதல?" என்று கேட்டால் தலையைக் குனிந்துகொள்வாள். திட்டினாலும் அதே குனிவு, கொஞ்சினாலும் அதே குனிவு.

அரையாண்டுப் பரீட்சைக்கு முன்னால் நடந்த கூட்டத்தில் கஸ்தூரி வந்தாள். மற்றப் பிள்ளைகளைப் பற்றியெல்லாம் கேட்டு முடித்துவிட்டு, கடைசியாக ஜன்னல் ஓரம் வந்து உட்கார்ந்தாள். வழக்கமான சத்தம் இல்லை.

நான் என் கடமைக்கு ஆரம்பித்தேன். "தஸ்லீம் போன வாரம் ஜன்னல்ல குருவி கூடு கட்ட வந்துச்சின்னு கதவ மூட விடல. வெயில் அடிச்சாலும் பரவால்லன்னு உக்காந்திருந்தா."

கஸ்தூரி லேசாகச் சிரித்தாள். பிறகு சொன்னாள்: "டீச்சர், ரஹ்மத் ஒரே ஒரு வார்த்தை கேட்டுட்டு வரச் சொன்னா. பொண்ணு பாஸ் ஆவுமா, ஆவாதா?"

"இப்பவே எப்டிம்மா சொல்றது?"

"அவங்க வீட்ல பேசி முடிச்சிட்டாங்க டீச்சர். அவங்க வீட்டுக்காரருக்கு இடுப்பு வலி ஜாஸ்தி, பாதி நாள் வேலைக்குப் போறதில்ல. பொண்ணு பாஸ் ஆவாதுன்னா அரையாண்டு லீவோட நிறுத்திடறதாம். அத்தைக்காரி வீட்டுக்கே அப்பர் கொண்டாந்து கையால தெக்கறா. அவகூட உக்கார வச்சிடுவாங்க. பாஸ் ஆவும்னா படிக்கட்டும்னு ரஹ்மத் ஒருத்தி மட்டும் சொல்லிக்கினு இருக்கா. அதான் ஒரே வார்த்தை."

 பாஸ் ஆவாள் என்று சொல்லிவிடலாம். ஆனால் எஸ்தர் மேடம் பெற்றோரிடம் பொய் சொல்ல விட்டதே இல்லை. பிள்ளையைக் காப்பாற்றச் சொல்கிற பொய்கூட ரிசல்ட் அன்றைக்கு அந்தப் பிள்ளையின் தலையில்தான் விழும் என்பார். ஆக மாட்டாள் என்று சொன்னால் அடுத்த மாதம் அந்த ஜன்னல் ஓரம் காலி. சட்டம் இருக்கிறது, போய்ப் பேசலாம், அதையெல்லாம் செய்தும் பார்த்திருக்கிறோம். மனசு வைத்து அனுப்பாத பிள்ளையைச் சட்டத்தைக் காட்டி எத்தனை நாள் வரவழைக்க முடியும்?

கஸ்தூரியே குரலைத் தாழ்த்திக் கேட்டாள். "சரி, பாஸு ஃபெயில விடுங்க. இத சொல்லுங்க. லெதர் டேமேஜா, ஸ்டிச்சிங் டேமேஜா?"

"இன்னாம்மா கேக்கறே?"

அவள் விளக்கினாள். கம்பெனியில் ஒரு அப்பர் செக்கிங்கிலிருந்து திரும்பி வந்தால் முதலில் கேட்பது அதுதானாம். தோலிலேயே கோளாறு என்றால் ஒன்றும் செய்ய முடியாது, ஓரமாகப் போட வேண்டியதுதான். தைத்ததில் கோளாறு என்றால் பிரித்துத் திரும்பத் தைக்கலாம்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "புள்ள இன்னா தோலா? ஓரமா போடறதுக்கு?"

"கோச்சுக்காதீங்க டீச்சர். எங்களுக்குத் தெரிஞ்ச மாதிரிதான கேக்க முடியும்?"

 கோபம் வந்த வேகத்திலேயே இறங்கிவிட்டது. தஸ்லீம் மண்டையில் ஏறவில்லையா, நாங்கள் ஏற்றியதில் கோளாறா? யோசித்துப் பார்த்தேன். "தெரியலம்மா" என்றேன். அதுதான் உண்மை.

பக்கத்து வரிசையில் வேறொரு அம்மாவோடு பேசிக்கொண்டிருந்த எஸ்தர் மேடம் திரும்பிப் பார்த்தார். கூட்டம் முடிந்ததும் கூப்பிட்டார். உட்காரச் சொன்னார், தண்ணீர் கொடுத்தார், கண்ணாடியைக் கழற்றினார்.  ஆனால் திட்டவில்லை.

"தெரியலன்னு சொன்னீங்க பாருங்க, அது நல்ல பதில்தான். ஆனா அதோட நிக்க முடியாது. அரையாண்டு லீவுக்குள்ள தெரிஞ்சாகணும்" என்றார். கஸ்தூரியிடமும் அவரே பேசினார். டீச்சர் பதில் சொல்லும்வரை பிள்ளையை நிறுத்தக் கூடாது என்று ரஹ்மத்திடம் சொல்லச் சொன்னார்.

திங்கட்கிழமை சாப்பாட்டு வேளையில் தஸ்லீமைக் கூப்பிட்டு உட்கார வைத்தேன். "முதல்ல சாப்டு" என்றேன். சாப்பிட்டாள். ஒரு தாளில் வெறும் எண்களாக ஒரு சமன்பாடு எழுதிக் கொடுத்தேன். கையைக் கழுவிய ஈரம் காய்வதற்குள் போட்டுவிட்டாள். இன்னொன்று கொடுத்தேன், அதுவும் ஆனது. பிறகு புத்தகத்தைத் திறந்து வாக்கியக் கணக்கு ஒன்றைக் காட்டினேன். ஒரு செவ்வகத்தின் நீளமானது அதன் அகலத்தின் இருமடங்கைவிட மூன்று மீட்டர் அதிகம் எனில் என்று ஆரம்பிக்கும். பேனா அப்படியே நின்றது. தலை குனிந்தது.

"படி" என்றேன். படித்தாள். எழுத்துக்கூட்டாமல் சரியாகத்தான் படித்தாள். "இன்னா கேட்டிருக்காங்க?" என்றேன். திரும்ப அதே வரியையே படித்தாள்.

நான் புத்தகத்தை மூடினேன். "சரி, இதக் கேளு. ஒரு ரூம் இருக்கு. நீளம் ஜாஸ்தி, அகலம் கம்மி. அகலத்த ரெண்டு தடவ வச்சி, அதும் மேல மூணு சேத்தா நீளம் வந்துடும். சுத்தி வந்தா மொத்தம் இவ்ளோ. இப்ப நீளம் எவ்ளோ, அகலம் எவ்ளோ?"

போட்டாள். தாளை என் பக்கம் திருப்பி வைத்தாள். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்: "இதத்தான் கேட்டிருக்காங்களா டீச்சர்?"

"இதத்தான்."

"அப்ப ஏன் இப்டி கேக்கறாங்க?"

எனக்கு அழுகையா சிரிப்பா என்று தெரியவில்லை. அவளுக்குக் கணக்கு தெரியும். புத்தகம் பேசுகிற தமிழ்தான் தெரியாது. எட்டாம் வகுப்புவரை எல்லாப் பாடத்தையும் உருதுவில் படித்துவிட்டு வந்த பிள்ளைக்கு 'எனில்' என்றாலும் 'காண்க' என்றாலும் எங்கே போய்ப் புரியும்? தெருவில் யாராவது 'எனில்' என்று பேசுகிறார்களா? அவள் நம்மைப் போலவே சரளமாகப் பேசியதால் ஒருத்தருக்கும் சந்தேகமே வரவில்லை. எண்கள் அதிகமாக வந்த டெஸ்டில் மார்க் வந்தது, வாக்கியங்கள் அதிகமாக வந்ததில் போனது.

ஓடிப்போய் எஸ்தர் மேடத்திடம் சொன்னேன். சந்தோஷத்தில் கத்தியிருப்பேன் போல, ஆபீஸில் எல்லோரும் திரும்பினார்கள். கஸ்தூரியிடம் சொல்லி அனுப்பிவிடட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம். இது ஆள் மூலமா அனுப்பற சேதி இல்ல. அந்தம்மா வர முடியாதுன்னா நீங்க போங்க" என்றார்.

அன்றைக்கு என் பாசஞ்சரை விட்டேன். சாயங்காலம் கம்பெனி வாசலில் போய் நின்றேன். வேலை முடிந்து பெண்கள் வெளியே வருவதை அதற்கு முன் நான் பக்கத்திலிருந்து பார்த்ததில்லை. கேட்டில் பையைத் திறந்து காட்டிவிட்டு, புர்காவைச் சரிசெய்துகொண்டு, பூவைச் சரிசெய்துகொண்டு, கம்பெனி பஸ்ஸில் இடம் பிடிக்க ஓடுகிறார்கள். கஸ்தூரிதான் என்னைப் பார்த்துவிட்டு ஒரு பெண்ணின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தாள். ஒல்லியான பெண். புர்காக் கையில் கறுப்பு நூல் துணுக்கு ஒட்டிக்கொண்டிருந்தது. என்னைக் கண்டதும் பிள்ளைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று முகம் வெளுத்துவிட்டது.

"ஒண்ணுமில்லம்மா. நீங்க கேட்டு அனுப்புனீங்களே, அதுக்குப் பதில் சொல்ல வந்தேன்" என்றேன். எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்த எதுவும் வாயில் வரவில்லை. எனக்குப் பிடிக்காத அந்தப் பேச்சுதான் வந்தது. "லெதர் நல்ல லெதரும்மா. ஒரு கோளாறும் இல்ல. தையல்லதான்."

ரஹ்மத் கஸ்தூரியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். "தையல்னா பிரிச்சித் தெக்கலாம்ல டீச்சர்?"

"தெக்கலாம்."

"யாரு தெப்பாங்க?"

"நாந்தான். வேற யாரு?"

பஸ் ஹாரன் அடித்தது. அவள் போகவில்லை. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு நின்றாள். மிஷினில் வேலை செய்கிற விரல்கள், சொரசொரவென்று இருந்தன. "அவங்கப்பாவ வெள்ளிக்கிழமை அனுப்பறேன். அவர்கிட்டயும் இதயே சொல்லுங்க டீச்சர். நான் சொன்னா பாசத்துல சொல்றேன்னு நெனப்பாரு" என்றாள். கஸ்தூரி பஸ் படியில் நின்றுகொண்டு டிரைவரோடு சண்டை போட்டு நிறுத்தி வைத்திருந்தாள்.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்து தஸ்லீமின் அப்பா வந்தார். வெள்ளை ஜிப்பா, அத்தர் வாசனை. ஒரு கை இடுப்பில். வாசலோடு நின்று பேசிவிட்டுப் போகத்தான் பார்த்தார். எஸ்தர் மேடம் விடவில்லை, மகளின் இடத்தில் உட்கார வைத்தார்.

"அடக்கமா இருக்குதா பொண்ணு?" அதுதான் அவர் கேட்ட முதல் கேள்வி. பெரும்பாலான அப்பாக்களின் முதல் கேள்வி அதுதான்.

"அடக்கம் ஜாஸ்தியாவே இருக்கு பாய். அதான் கஷ்டமாப் போச்சு. புரியலன்னா புரியலன்னு வாயத் திறந்து கேக்க மாட்டேங்குது" என்றார் எஸ்தர் மேடம்.

அவர் கொஞ்ச நேரம் டெஸ்கின் மேல் இருந்த பேனாக் கிறுக்கல்களைத் தடவிக்கொண்டிருந்தார். "வீட்லயும் கேக்க விட்டதில்லீங்க" என்றார். நான் கணக்கைப் பற்றியும் 'எனில்' பற்றியும் சொன்னேன். முழுக்கக் கேட்டார். கடைசியில், "பரீட்சை வரைக்கும் வரட்டும். அதுக்கப்புறம் ரிசல்ட்ட பாத்து பேசிக்கலாம்" என்றார். கெஞ்சியிருந்தாலும் அதற்கு மேல் ஒரு அங்குலம் கிடைத்திருக்காது.

அதற்குப் பிறகு தினமும் சாப்பாட்டு வேளையில் தஸ்லீமுக்கு ஒரே வேலை. கணக்குப் போடக் கூடாது. கேள்வியைப் படித்துவிட்டு, இன்னா கேட்டிருக்காங்க என்று தெருத் தமிழில் எனக்குச் சொல்ல வேண்டும். அவ்வளவுதான். கொஞ்ச நாளில் வேறு சில பிள்ளைகளும் டிபன் டப்பாவோடு வந்து சுற்றி உட்கார்ந்தார்கள். வீட்டிலேயே தமிழ் பேசுகிற பிள்ளைகள்! உங்களுக்கு என்னடி என்றால், "எங்களுக்கும் புரியாது டீச்சர், சும்மா புக்ல பாத்த மாதிரியே எழுதுவோம்" என்றார்கள். அவர்களில் கஸ்தூரி மகளும் ஒருத்தி. தஸ்லீம் மெதுவாகக் கேள்வி கேட்க ஆரம்பித்தாள். ஆரம்பித்த பிறகு நிறுத்தவில்லை. ஒரு நாள் என்னால் முடியாமல், "கொஞ்சம் மூச்சு விடுடி" என்று கத்தியிருக்கிறேன்.

இதற்குள் இன்னொரு கூத்து நடந்தது. ரஹ்மத்திடம் நான் சொன்னது லைன் முழுக்கப் பரவி, பக்கத்து லைன்களுக்கும் போய்விட்டது. அடுத்த கூட்டத்தில் எந்த அம்மா வந்தாலும், எந்தப் பாடமாக இருந்தாலும், முதல் கேள்வி "லெதரா, ஸ்டிச்சிங்கா?" சமூக அறிவியல் டீச்சர் கண்கலங்கிப் போய் நின்றார். "என் பாடத்த டேமேஜ்ன்றாங்க மேடம்" என்று ஒரே புகார். எல்லாம் டீச்சர் கோளாறுதான் என்று முடிவு கட்டிக்கொண்டு சில அப்பாக்கள் மீசையை முறுக்கிக்கொண்டு வந்தார்கள். ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் என்னைத்தான் முறைத்தார்கள். எஸ்தர் மேடம் மட்டும் கண்ணாடியைத் துடைக்கும் சாக்கில் குனிந்து சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு அந்தக் கேள்வி கடைசிவரை பிடிக்கவில்லை. தஸ்லீமைக் காப்பாற்றியது அதுதான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் அது திரும்பி வந்த சரக்கைப் பார்த்துக் கேட்கிற கேள்வி. மார்க்கைக் கேட்பதைவிட நல்லது, அவ்வளவுதான்.

ரிசல்ட் வந்தது. தஸ்லீம் பாஸ். கொண்டாடும்படி பெரிய மார்க் ஒன்றுமில்லை. ஆனால் கணக்கில் நான் எதிர்பார்த்ததைவிட நன்றாகவே வந்திருந்தது. அவள் அப்பா சொன்ன வார்த்தை மாறவில்லை, பிளஸ் ஒன் சேர்க்கச் சம்மதித்தார். எங்கள் பள்ளிக்கூடத்தில் பத்தாம் வகுப்புவரைதான். டி.சி. வாங்க யாராவது வர வேண்டும். வழக்கம்போலக் கஸ்தூரிதான் வருவாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

ரஹ்மத் வந்தாள். அவள் மிஷினை அன்றைக்குக் கஸ்தூரி சேர்த்துப் பார்த்துக்கொள்கிறாளாம். டி.சி.யைப் பையில் வைத்துக்கொண்ட பிறகும் போகாமல் நின்றாள்.

"டீச்சர், அவ உக்காந்த எடம் எது? கஸ்தூரிதான் வந்து வந்து உக்காந்தா. நான் ஒரு தடவ கூட உக்காரலியே."

விடுமுறை, வகுப்பறை பூட்டியிருந்தது. சாவி வாங்கித் திறந்தேன். மூன்றாவது பெஞ்சில் ஜன்னல் ஓரம் போய் உட்கார்ந்தாள். முகத்திரையை மேலே தூக்கிவிட்டுக்கொண்டு போர்டைப் பார்த்தாள், ஜன்னலைப் பார்த்தாள். நான் பழக்கப்படி பக்கத்தில் உட்கார்ந்தேன். மார்க் வந்தாயிற்று, டி.சி. வாங்கியாயிற்று, இனிமேல் என்ன கேட்க இருக்கிறது என்று நினைத்தேன்.

"ஒண்ணு கேட்டா தப்பா நெனைக்க மாட்டீங்களே டீச்சர்?"

"கேளும்மா."

"எம் பொண்ணு இங்க இருந்ததுல உங்களுக்கு சந்தோஷமா?"

எத்தனை வருஷ வேலை, எத்தனை கூட்டம், எத்தனை அம்மா, எத்தனை அப்பா. பாஸா என்று கேட்டிருக்கிறார்கள். அடக்கமா என்று கேட்டிருக்கிறார்கள். அடிக்கச் சொல்லியிருக்கிறார்கள், சண்டை போட்டிருக்கிறார்கள். இப்படி ஒருத்தர் கேட்டதில்லை. 

"ரொம்ப சந்தோஷம்மா. அவ வராத அன்னிக்கி கிளாஸ்ல நுழைஞ்சதும் என் கண்ணு இந்த ஜன்னலுக்குத்தான் போவும். இவ இல்லாம இன்னிக்கி யாருடி கேள்வி கேப்பான்னு இருக்கும்."

"போதும் டீச்சர்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு முகத்திரையை இறக்கினாள். "மிஷின விட்டுட்டு வந்தேன். கஸ்தூரி பாவம், ரெண்டையும் பாத்துக்கினு இருப்பா." போய்விட்டாள்.

இவ்வளவையும் எழுதிய பிறகு நேற்று கவிதாவைக் கூப்பிட்டேன். பத்துக் கேள்வி இல்லை, ஒன்றுதான் இருக்கிறது என்று சொல்லி, அந்த ஒன்றைச் சொன்னேன். என் பிள்ளை உங்க வகுப்புல இருக்கறதுல உங்களுக்கு சந்தோஷமா?



"மேடம், இத குரூப்ல போட்டா எங்க டீச்சருங்க பயந்துடுவாங்களே. இதுக்கு அவங்க இன்னா பதில் சொல்லுவாங்க?"

"பயப்படட்டும்" என்றேன். "மீட்டிங்குக்கு ஒரு வாரம் முன்னாடியே போடு. அதுக்குள்ள ஒவ்வொரு புள்ளையையும் ஒரு தடவையாவது நல்லா பாத்துட்டு வருவாங்க."